பனிக்காட்டுக் கருவாடு

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மார்கழியில் நமக்குப் பறவை என்றால் விருந்தாளி. பெருமாள் ஏரிக்கு ஊசிவால் வாத்து வரும், நீலச்சிறகி வரும். வெயில் ஏறுமுன் மூட்டை கட்டிவிடும். வடக்கே எல்லாம் கிளம்பிவிட்டால் அங்கே மிச்சம் இருப்பது யார்? எனக்கு நெடுநாள் சந்தேகம்.

டொராண்டோவில் இருக்கும் என் மகள் ஒரு பிப்ரவரியில் என்னை அல்கொன்குவின் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். காரில் மூன்று மணி நேரம். பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைக்காதீர்கள். 1893இல் அறிவிக்கப்பட்ட காடு அது. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல், நம் மாவட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. அன்று காலை மைனஸ் 20 டிகிரி. மூச்சு விட்டால் மீசையில் உறைகிறது.

அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. ஏரியில் ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய சோதனை. பிறகு ஒரு சின்னக் குரல். கருந்தொப்பி போட்ட சிக்கடி என்ற பறவை. எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். இரவில் தன் உடல் சூட்டையே பத்து டிகிரி அளவுக்குக் குறைத்துக்கொண்டு விடியும்வரை தாக்குப்பிடிக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது கனடா ஜே பற்றி. சாம்பல் நிறம், நம்மூர்க் காக்காவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அமாவாசைக்குச் சோறு வைத்துவிட்டுத் தொண்டை கிழிய 'கா கா' என்று கூப்பிடுகிறோமே, இது கூப்பிடாமலே வரும். வெறுங்கையை நீட்டினேன்; விரலில் வந்து உட்கார்ந்தது, உள்ளங்கையைப் பார்த்தது, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. அங்கே இதற்கு 'விஸ்கி ஜாக்' என்றும் பெயர். உடனே பாண்டிச்சேரி பஸ் ஏறிவிடாதீர்கள்! கிரீ பழங்குடிகளின் கதைகளில் வரும் விசகேஜாக் என்ற பெயர் திரிந்தது அது.

அது எப்படிப் பிழைக்கிறது? கருவாடு போட்டுத்தான். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பூச்சி, பழம், இறைச்சித் துண்டு எல்லாவற்றையும் பிசுபிசுத்த எச்சிலில் உருட்டி, மரப்பட்டை இடுக்கில் ஒட்டி வைக்கும். ஆயிரக்கணக்கில். உப்பு கிடையாது, வெயில் கிடையாது. குளிர்தான் கெடாமல் காக்கிறது. அந்த இருப்பை நம்பித்தான், காடெல்லாம் பனி மூடியிருக்கும்போதே, பிப்ரவரி, மார்ச்சில் முட்டையிட்டு அடைகாக்கிறது.

கருவாடு காயும்போது எதிர்பாராத மழை பெய்தால் என்ன ஆகும்? தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே மழைக்குப் பதில் வெதுவெதுப்பு. இலையுதிர் காலம் சூடாகிக்கொண்டே வருவதால் ஒட்டி வைத்தது அழுகுகிறது. 1960களிலிருந்து காலில் வண்ண வளையம் மாட்டி இந்தப் பறவைகளை அங்கே தொடர்ந்து கவனிக்கிறார்கள். ஆய்வாளர்கள் டான் ஸ்ட்ரிக்லண்டும் தாமஸ் வெய்ட்டும் 2006இல் எழுதிய கட்டுரை இந்தக் காரணத்தைத்தான் முன்வைத்தது. அவர்கள் கவனித்த பகுதியில் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் நிறைந்த இடங்களில் மட்டும் ஓரளவு நிற்கிறது. அந்தப் பட்டையில் வைத்த தீனி சீக்கிரம் கெடுவதில்லை.

குளிர் கூடியதால் செத்தது என்றால் யாருக்கும் புரியும். குளிர் குறைந்ததால் ஒரு பறவைக்குச் சோறு போனது என்பதை நம்ப எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

ஊர் திரும்பியதும், வழக்கமாகக் கருவாடு வாங்கும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். நெத்திலியை அளந்துகொண்டே கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பாவம் வாத்தியாரே, கடலு பக்கத்துல இல்ல போல. உப்புக்கு அது எங்க போவும்?"