ஏழு அடுக்கில் ஓர் ஐஸ்லாந்து

அவையோருக்கு வணக்கம். ஊரை விட்டுப் போனவர்களின் நினைவு என்றதும் மொழி, பாட்டு என்றே பேசுகிறோம். நான் ஒரு கேக்கைப் பற்றிப் பேசுகிறேன். கனடாவில் மனிட்டோபா மாநிலத்து ஐஸ்லாந்துக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் பழக்கூழ் தடவி ஏழு அடுக்காகச் செய்கிற வீனார்தெர்த்தா அது.

1875 மார்ச்சில் ஐஸ்லாந்தின் ஆஸ்க்யா எரிமலை வெடித்துக் கிழக்குப் பகுதி மேய்ச்சல் நிலங்களைச் சாம்பல் மூடியது. அந்த அக்டோபரில், ஏற்கெனவே கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துக்கு வந்து தவித்துக்கொண்டிருந்த ஐஸ்லாந்துக்காரர் கூட்டம் ஒன்று மனிட்டோபாவின் வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் இறங்கிக் கிம்லி ஊரை அமைத்தது. மறு ஆண்டு ஐஸ்லாந்திலிருந்தே பெருங்கூட்டம் வந்தது. பின்னாலேயே பெரியம்மையும் வந்தது. வந்தவர்களோடு அந்தக் கரையின் பழங்குடிகளும் மாண்டார்கள். குடியேற்றத்தைப் புகழ்ந்து பேசுகிற மேடைகளில் இதை எளிதாக விட்டுவிடுகிறோம்.

இவர்கள் புறப்பட்ட காலத்தில் இந்தக் கேக் ஐஸ்லாந்திலேயே புது நாகரிகம். டென்மார்க் வழியாக வந்த சரக்கு. பின்னால் அங்கே ருசி மாறி, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டின் ஜாம் தடவிய நான்கைந்து அடுக்குக் கேக்குகள் பரவலாயின. கனடாவுக்குப் போனவர்களோ, புறப்பட்ட நாளில் இருந்த பக்குவத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தாய்நாட்டில் பழையது கழிந்துபோகும், போன இடத்தில் அதுவே அடையாளமாகிவிடும்.

பக்குவத்துக்கு வருவோம். வெண்ணெய் ஒரு கப், சர்க்கரை ஒன்றரை கப், முட்டை இரண்டு, மைதா நான்கு கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஏலப்பொடி ஒரு டீஸ்பூன். ஏலக்காயை அன்றைக்கே இடித்துக்கொள்ளுங்கள். டப்பாவில் கிடந்த பொடியில் மணம் போயிருக்கும். பிசைந்த மாவை ஏழாகப் பிரித்து, ஒன்பது அங்குல வட்டமாக, 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 175 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிட வேண்டும். ஓரம் லேசாக நிறம் மாறினால் போதும். நன்றாகச் சிவந்துவிட்டால் அடுக்கு ஈரத்தை உறிஞ்சாது, வெட்டும்போது நொறுங்கும். தேய்க்கையில் ஒட்டுகிறதே என்று மாவு தூவிக்கொண்டே போனாலும் கெட்டது, வறட்டு பிஸ்கட்டாகிவிடும். மாவை முதலில் குளிரவையுங்கள்.

நடுவே தடவுவது புரூன் என்கிற உலர்ந்த பிளம் பழம். 900 கிராம் பழத்தைக் குழைய வேகவைத்து, அரைத்து, ஒரு கப் சர்க்கரையும் பழம் வெந்த நீர் அரை கப்பும் சேர்த்துக் கிளற வேண்டும். கடைசியில் வெனிலாவும் ஏலமும். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு கணம் தெரிய வேண்டும். அந்தப் பதத்துக்கு முன்னால் இறக்கினால் அடுக்குகள் வழுக்கிச் சரியும். ஆறிய பிறகே தடவ வேண்டும்.

அடுக்கியதும் வெட்டக் கூடாது. இறுகச் சுற்றி இரண்டு மூன்று நாள் வைத்தால்தான் பழத்தின் ஈரம் ஏறி ஏழும் ஒன்றாக மெத்தென்று ஆகும். பிறகு ஓரத்தைச் சீவிச் சிறு செவ்வகங்களாக வெட்டிக் காபியோடு கொடுப்பார்கள்.

1890இல் வின்னிபெக்கில் தொடங்கி 1932இல் கிம்லிக்கு மாறிய ஐஸ்லாந்து நாள் விழா, இன்றும் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கிறது. போனால் இந்தக் கேக்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். மேலே ஐசிங் உண்டா இல்லையா, அடுக்கு ஐந்தா ஏழா என்று மட்டும் அங்கே வாயைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு கட்சி இருக்கிறது.