பன்னிரண்டு கிழமைக்குக் காசு கேட்பது எப்படி

(திருகோணமலையில் இளைஞர் கழகங்கள், கிராம மட்டச் சங்கங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, வெருகல் என்று நாலா பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். பின்னேர பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பதால் நேரே விசயத்துக்கு வருகிறேன்.

போதைத் தடுப்பு நிகழ்ச்சிக்குக் காசு கேட்டு, நிதி தருபவர்களுக்கு எழுதப்படும் முன்மொழிவுகளில் அனேகமாக நாலு விசயம் இருக்கும்: ஒரு பேரணி, ஒரு கருத்தரங்கு, ஒரு சித்திரப் போட்டி, எல்லாருக்கும் ரீசேர்ட். ரீசேர்ட்டை மட்டும் கணக்குப் பார்ப்போம். ஒன்று 1,200 ரூபா என்று வைத்தால் 200 பேருக்கு 240,000 ரூபா. பேரணி முடிந்த அடுத்த நாள் அந்தக் காசுக்கு நீங்கள் காட்டக்கூடியது நிழற்படம் மட்டும்தான்.

அதே 240,000 ரூபாவை வேறு மாதிரிப் பிரியுங்கள். 25 பிள்ளைகள், கிழமைக்கு ஒரு அமர்வு, 12 கிழமை. தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் தலைக்கு 200 வீதம் 60,000. அமர்வை நடத்தும் இரண்டு வளவாளர்களின் போக்குவரத்து, தடவைக்கு 1,500 வீதம், 36,000. பிறகு நாலு மாதத்துக்கு ஒருமுறை, பழகியதை நினைவூட்டும் மீட்டல் அமர்வு, மொத்தம் மூன்று: தேநீர் 15,000, போக்குவரத்து 9,000. பெற்றோர் 40 பேருடன் மூன்று சந்திப்பு, தலைக்கு 150 வீதம் 18,000. பலனை அளக்கும் கேள்வித்தாள் 200 பேருக்கு இரண்டு தடவை, பிரதிக்கு 40 வீதம் 16,000 (ஏன் 200 என்று பிறகு சொல்கிறேன்). எல்லாம் கூட்டினால் 154,000. மிச்சம் 86,000. அதில் 26,000 வளவாளர்களின் பயிற்சிக்கு. மீதி 60,000 இளைஞர் குழுவின் கைக்கு. அந்த 60,000க்குப் பிறகு வருகிறேன். விலைகளை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், வழிமுறையை மாற்ற வேண்டாம்.

ஏன் 12 கிழமை? ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றம் தொடர்பான அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து போதைத் தடுப்புக்கான சர்வதேச நியமங்களை 2018இல் புதுப்பித்து வெளியிட்டன. பலன் தந்த நிகழ்ச்சிகளில் பொதுவாக 10 முதல் 15 வரை ஒழுங்கமைந்த அமர்வுகள், கிழமைக்கு ஒன்று, பயிற்சி பெற்றவர் நடத்துவது, பிள்ளைகள் பேசிப் பழகிப் பார்ப்பது என்று அதில் இருக்கிறது. பலன் தராதவையும் அங்கே உண்டு: வெறும் விரிவுரை, பயமுறுத்தும் படங்கள், திருந்தியவரை மேடையேற்றித் தன் கதையைச் சொல்ல வைப்பது. மண்டையோட்டுப் பதாகைக்கு இனிக் காசு கேட்காதீர்கள். கஞ்சா, ஐஸ், குளிசை என்று மாதிரிகளை மேசையில் பரப்பிக் காட்டும் கண்காட்சியும் வேண்டாம். கேள்விப்படாத பிள்ளைக்கு அது அறிமுக விழாவாகிவிடும்.

அமர்வில் என்ன நடக்கிறது என்பதை முன்மொழிவில் ஒரு பந்தியாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதுங்கள். “ஆளுமை விருத்தி” என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படி எழுதலாம்: ஐந்தாவது அமர்வு. கிரிக்கெட் முடிந்து மைதான ஓரத்தில் நிற்கிறார்கள். ஊரில் மதிப்புள்ள ஒரு அண்ணா ஒரு பைக்கற்றை நீட்டுகிறார்: “ஒருக்கா போட்டுப் பார் தம்பி, ஒண்டும் செய்யாது.” பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக நடித்துப் பார்க்கிறார்கள். முதல் தடவை எல்லாரும் சிரித்துச் சமாளிப்பார்கள். இரண்டாம் தடவை வளவாளர் அண்ணாவை விடாப்பிடியாக நிற்கச் சொல்வார். மூன்றாம் தடவைதான் “வேணாம் அண்ணா, நான் வெளிக்கிடுறன்” என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே நகர்ந்து போகப் பழகுவார்கள். வாயால் மறுப்பது லேசு, அந்த இடத்தை விட்டு விலகுவதுதான் கஷ்டம். ஒரு நாள் கருத்தரங்கில் இந்த மூன்றாவது தடவைக்கு நேரமே வராது.

குழுவைச் சேர்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஏற்கெனவே பாவிக்கிற பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஒன்றாக உட்கார வைத்தால், ஒருவர் பழக்கத்தை மற்றவர் வலுப்படுத்துவார். எல்லாரையும் கலந்து சேருங்கள். நடுவில் ஒரு பிள்ளை “நான் பாவிக்கிறேன்” என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதையும் முதலே எழுதி வையுங்கள்: யாரிடம் சொல்வது, மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு யார் கூட்டிப் போவது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இரண்டு இலக்கங்களும் வளவாளரின் கொப்பியில் இருக்க வேண்டும்.

“விற்பவர்களை இளைஞர்கள் இனங்கண்டு பொலிசுக்கு அறிவிப்பர்” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். சின்ன ஊரில் யார் சொன்னது என்பது விடியமுதல் தெரிந்துவிடும். சட்ட அமுலாக்கத்தில் கை வைக்கத்தான் வேண்டுமென்றால் புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தை எடுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு இரண்டையும் விற்க முடியாது, எந்த வயதினருக்கும் விளம்பரம் செய்ய முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் சேர்ந்து, பாடசாலைக்குக் கிட்டவுள்ள கடைக்காரர்களுக்கு இதை நினைவூட்டி அறிவித்தல் ஒட்டுவது இளைஞர்களுக்குப் பொருத்தமான வேலை. பிள்ளையை அனுப்பி வாங்க வைத்துச் சோதிப்பது பொருத்தமான வேலையல்ல. இடையில் ஒரு வார்த்தை: மதுசார, புகையிலைக் கம்பனிகளின் அனுசரணை யார் மூலம் வந்தாலும் தொடாதீர்கள்.

இனி அளவீடு. அமெரிக்காவில் போதையற்ற சமூகங்களுக்கென்று 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு மானியத் திட்டம் நடக்கிறது, வருடத்துக்கு அதிகபட்சம் 125,000 டொலர். நாம் விண்ணப்பிக்கக்கூடிய காசு அல்ல. ஆனால் அவர்கள் கேட்கும் நாலு கேள்வி நமக்கு உதவும்: கடந்த 30 நாளில் பாவித்தாயா, இதில் எவ்வளவு ஆபத்து என்று நினைக்கிறாய், நீ பாவித்தால் பெற்றோர் அதை எவ்வளவு பிழையாகக் கருதுவார்கள், நண்பர்கள் எவ்வளவு பிழையாகக் கருதுவார்கள். தொடக்கத்திலும் ஒரு வருடத்தின் பின்னும் இவற்றையே கேளுங்கள். வந்த 25 பேரிடம் மட்டும் கேட்டால் ஒரு பிள்ளை மனம் மாறினாலே நூற்றுக்கு நாலு மாறிவிடும். அதனால்தான் அதே ஊரின் அதே வயதினர் 200 பேர். நிகழ்ச்சிக்கு வந்தவரா, வராதவரா என்று ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் தெரிந்தாலும் துள்ளிக் குதிக்க வேண்டாம். விரும்பி வருகிற பிள்ளை முதலே கொஞ்சம் வேறு மாதிரித்தான் இருக்கும், அதை அறிக்கையில் ஒப்புக்கொண்டு எழுதினால் உங்கள் மதிப்புக் கூடும்.

பெயர் எழுதக் கூடாது, தாளை மடித்துப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும், ஆசிரியர் வகுப்புக்குள் நடந்து திரியக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரின் சம்மதம், பாடசாலையில் என்றால் வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்து மூல அனுமதி. இன்னொரு சூட்சுமம்: ஐரோப்பியப் பாடசாலை ஆய்வுகளில் உலகத்திலேயே இல்லாத ஒரு போதைப்பொருளின் பெயரை இடையில் செருகுவார்கள். அதைப் பாவித்தேன் என்று குறித்த தாள் விளையாட்டுக்கு நிரப்பிய தாள்.

அந்த 60,000க்கு வருகிறேன். தலைமைத்துவம் என்று தலைப்புப் போட்டுவிட்டு, காசோலையில் கையெழுத்து முதல் கேக் வெட்டுவது வரை பெரியவர்களே செய்தால் அது தலைமைத்துவம் இல்லை. தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரையை இளைஞர் என்கிறது. 18 தாண்டியவர்களில் ஒருவரைப் பொருளாளராக்குங்கள். மைதானத்துக்கு வெளிச்சம் போடுவதா, வாசிகசாலையை இரவு எட்டு மணி வரை திறப்பதா என்று இளைஞர் குழுவே தீர்மானித்து, கூட்டக் குறிப்பில் எழுதி, காசை எடுத்து, கணக்கு ஒப்புவிக்கட்டும். பெரியவர்களுக்கு ஒரு அதிகாரம் போதும், பற்றுச்சீட்டு இல்லாத செலவை நிறுத்துவது.

கணக்கில் அகப்படும் இடங்கள் எல்லாருக்கும் பொதுவானவை. நிதி தருபவருடனான ஒப்பந்தத் திகதிக்கு முந்திய பில்லை ஏற்க மாட்டார்கள். சுப்பர்மார்க்கட் பற்றுச்சீட்டின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அன்றைக்கே போட்டோப் பிரதி எடுங்கள். பதிவில்லாத கழகம் ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கினூடாகக் காசு வாங்கினால், நிர்வாகச் செலவுக்கு எத்தனை வீதம் கழிப்பார்கள், எத்தனை நாளில் காசை விடுவிப்பார்கள் என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். மண்டபத்தை இலவசமாகத் தந்தவர், நேரம் தந்த ஆசிரியர் எல்லாவற்றையும் பெறுமதி போட்டு ஒரு பதிவேட்டில் எழுதி வந்தால், “உங்கள் பங்களிப்பு என்ன” என்ற கேள்விக்கு அதுவே பதில்.

கால அட்டவணையைக் கொழும்பு நாட்காட்டியில் போடாதீர்கள். கார்த்திகை, மார்கழி மழைக்கு வெருகல் பக்கம் அமர்வு வைக்க ஏலாது. நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் பின்னேரம் வேண்டாம். கரையோரத்தில் கடலுக்குப் போகிற பொடியன்களுக்கு எந்த நேரம் வசதி என்று படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமில்லாமல் அவர்களிடமே கேளுங்கள். பரீட்சை மாதங்களையும் கழித்துவிட்டால், இடைவெளியில்லாமல் 12 கிழமை கிடைக்கிற காலம் வருடத்தில் கொஞ்சம்தான். அதை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பிரதேச செயலகச் சிபாரிசுக் கடிதத்துக்கு எப்போது போக வேண்டும் என்று பாருங்கள். கடிதம் கையில் இல்லாமல் முடிவுத் திகதிக்கு முதல் நாள் கிராம உத்தியோகத்தரைத் தேடி ஓடுவதுதான் அனேக விண்ணப்பங்கள் தவறிப்போகும் இடம்.

கேள்விகளை இப்போது கேட்கலாம். பாதீட்டின் பிரதி வாசலில் இருக்கிறது, கழகத்துக்கு ஒன்று வீதம் எடுத்துக்கொள்ளுங்கள்.