கடைசிப் படியில் ஒரு அங்குலம்

நடுவர் அவர்களே, வணக்கம். கட்டடக் கலைஞருக்குக் கணிதம் நன்றாக வர வேண்டுமா என்பது இன்றைய கேள்வி. வர வேண்டும் என்பது எங்கள் அணி. அழகுணர்ச்சி இருந்தால் போதும் என்பது எதிரணி.

எதிரணி நண்பர் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைத் துணைக்கு அழைத்தார். கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் படித்து, வக்கீலாகி, 38 வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றவர், அவருக்கு எதற்குக் கணக்கு என்றார். பாவாவோடு பங்குதாரராக இருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரத்தின் பெயரை நண்பர் விட்டுவிட்டார். சரி, கணக்கைப் பொறியியலாளரே போடட்டும். “இந்தச் சுவர் தாங்காது” என்று அவர் சொன்னால் ஏன் என்று புரிய வேண்டாமா?

உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு ஏ எடுத்தவர்தான் வர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. சாதாரண தரக் கணிதம் போதும், ஆனால் கையோடு வர வேண்டும். நம் மலையில் சமதரை ஏது? 30 பாகைச் சரிவில் அளவு நாடாவை நிலத்தோடு இழுத்தால் 46 அடி காட்டும். படத்துக்கு வேண்டிய கிடை அளவில் அது 40 அடிதான். அந்த 6 அடி தெரியாமல் வரைந்தால் மேட்டைத்தான் வெட்ட வேண்டும். வெட்டிய மேடு ஐப்பசி மழையில் என்ன செய்யும் என்று இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணினி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். 46 என்று தட்டினால் அது 46க்கே வரைந்து தரும்.

எங்கள் வீடு ரோட்டுக்கு 10 அடி கீழே. கொத்தனார் பாஸ் கண்ணளவில் படி கட்டினார். 16 படி ஏழேழு அங்குலமாக வந்தது. மீதி 8 அங்குலம் கடைசிப் படிக்குப் போனது. ஒரே ஒரு அங்குல வித்தியாசம். ஆனால் இரண்டு மூன்று படியிலேயே கால் அளவைப் பழகிக்கொள்ளும், அப்புறம் நாம் குனிந்து பார்ப்பதில்லை. கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய என் அம்மாயி அந்தப் படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.

பிறகு எங்கள் தோட்டத்துப் பிள்ளையே ஒருத்தி, கட்டடக்கலை படித்தவள், வந்தாள். முதலில் நாடாவை எடுத்தாள். 120 அங்குலத்தை 20ஆல் வகுத்தாள், படிக்கு 6 அங்குலம். பாதம் பதிய 11 அங்குலம் வைத்தால் நேராக இறங்க 17 அடிக்குமேல் இடம் போகும். எங்களிடம் அவ்வளவு இல்லை. அதனால் நடுவில் அகலமாக ஒரு தளம் வைத்துப் படியைத் திருப்பினாள். நண்பர்கள் கேட்கும் அழகு அந்த வகுத்தலில்தான் பிறந்தது, நடுவர் அவர்களே. இப்போது சாயங்காலமானால் அம்மாயி அந்தத் தளத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி, ரோட்டில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி நலம் விசாரிக்கிறார்.