பல்கலைக்கழக மேடையில் ஒரு கர்நாடகக் கச்சேரி: பருவம் தொடங்கும் முன் நடக்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் ஆண்டுதோறும் ஒரு நிகழ்த்துகலைத் தொடரை நடத்துகின்றன. செப்டம்பரில் தொடங்கும், மே மாதத் தொடக்கத்தில் முடியும். சிம்பொனி, பாலே, நாடகம், ஜாஸ், இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு சிதார், ஒரு பரதநாட்டியம். ஆன் ஆர்பரில் இருக்கும் யுனிவர்சிட்டி மியூசிக்கல் சொசைட்டி இந்த வகையில் மிகப் பழையவற்றில் ஒன்று. ஊர்த் தேவாலயங்களின் பாடகர்களும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து பாடத் தொடங்கிய குழு அது. 1880-இல் முறையான அமைப்பானது. அவர்கள் நிகழ்ச்சி நடத்தும் ஹில் அரங்கம் 1913-இல் திறந்தது; ஏறக்குறைய 3500 பேர் உட்காரலாம்.

நமக்கு நெருக்கமானது அதைவிடச் சிறிய ஒன்று. கனெக்டிகட் மாநிலத்தில், நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடையில் மிடில்டவுன் என்ற ஊர். அங்கே வெஸ்லியன் பல்கலைக்கழகம். 1962-இல் பாலசரஸ்வதி அங்கே வந்து ஆடினார், கற்பித்தார். அடுத்த ஆண்டு அவருடைய தம்பி டி. ரங்கநாதன் மிருதங்கம் கற்பிக்கச் சேர்ந்தார். இன்னொரு தம்பி, புல்லாங்குழல் டி. விஸ்வநாதன், பிறகு பல ஆண்டுகள் அங்கே பேராசிரியராக இருந்து 2002-இல் மறைந்தார். அவரிடம் பாட்டுக் கற்ற ஜான் ஹிக்கின்ஸை நம் சபாக்கள் ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே அழைத்தன. 1978-இல் வெஸ்லியனுக்குத் திரும்பிய அவர் கலை மையத்தின் இயக்குநரானார். 1984 டிசம்பரில் ஒரு வாகனம் மோதி இறந்தார். ஆக, பாலசரஸ்வதி பிறந்த வீணை தனம்மாள் குடும்பத்துச் சங்கீதம் ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்துக்குள்ளேயே குடியேறிய இடம் அது. 1970-களிலிருந்து அங்கே ஆண்டுதோறும் நவராத்திரி விழா நடக்கிறது. கலை மையத்தின் இலையுதிர்காலத் தொடரில் அதற்கென்று ஒரு நிலையான இடம் இருக்கிறது.

அந்த இடம் ஏன் நிலைத்தது என்று கேட்டால் பக்தி, பாரம்பரியம் என்று பதில் சொல்லத் தோன்றும். என் கணிப்பில் முதல் காரணம் நாள்காட்டி.

கணக்கைப் பாருங்கள். நம் கலைஞர்கள் அமெரிக்காவுக்குக் கூட்டமாக வருவது மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை. கிளீவ்லாண்டில் 1978 முதல் நடக்கும் தியாகராஜ ஆராதனையை மையமாக வைத்து, முன்னும் பின்னும் ஊர் ஊராகக் கச்சேரி அமைப்பார்கள். ஆனால் மே முதல் வாரத்தில் பல்கலைக்கழகங்களில் தேர்வு; அதன்பின் விடுதி காலி, அரங்கம் பூட்டு. டிசம்பரில் அங்கே தேர்வு, இங்கே மார்கழி சீசன். ஜனவரியில் பனி, விமானம் ரத்து. எல்லோரும் கேட்கும் ஏப்ரலை விட்டால், கலைஞரும் கிடைத்து, மாணவரும் வளாகத்தில் இருக்கும் காலம் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரைதான். நவராத்திரி அதற்குள் வந்து விழுகிறது. மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் சபாக்காரர்களும் முகவர்களும் ஏப்ரல் தேதிகளையே கேட்டு அலைவதைவிட அக்டோபரைக் கேட்டால் வாசல் எளிதாகத் திறக்கும்.

கேட்பது எப்போது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு பருவத்தின் பெரிய நிகழ்ச்சிகள் பதினெட்டு மாதங்களுக்கு முன்பே முடிவாகத் தொடங்கும். பருவத்துக்கு முந்தைய வசந்தத்தில் சந்தாதாரர்களுக்கு அறிவிப்பு போய்விடும். "இந்த நவம்பரில் வித்வான் அந்தப் பக்கம் வருகிறார், ஒரு நாள் கொடுங்கள்" என்று ஆகஸ்டில் எழுதினால், அரங்கம் காலியாக இருந்தாலும் பதில் 'இல்லை'தான். விளம்பரம், மேடைப் பணியாளர், வகுப்புகளோடு இணைப்பது எல்லாம் அதற்குள் முடிந்திருக்கும்.

அடுத்தது விசா. நம் சங்கீதம், நடனம், கூத்து போன்ற மரபுக் கலைகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவது பி-3. பண்பாட்டுத் தனித்தன்மை உள்ள கலை என்று அத்துறை அறிஞர்களின் கடிதமோ பத்திரிகை விமர்சனமோ காட்ட வேண்டும். அங்குள்ள தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதமும், எந்தெந்த ஊரில் எந்தெந்தத் தேதியில் நிகழ்ச்சி என்ற பட்டியலும் வேண்டும். கச்சேரி மட்டுமல்ல, கற்பிப்பதும் இந்த விசாவுக்குள் அடங்கும்; பல்கலைக்கழகத்துக்கு இது முக்கியம். 2024 ஏப்ரல் முதல் ஒரு மனுவில் 25 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. கச்சேரிக் குழுவுக்கு இது பொருட்டல்ல. நாற்பது பேர் வரும் நாட்டிய நாடகத்துக்கு இரண்டு மனு, இரண்டு கட்டணம் என்றாகிவிடும்.

தவறு நடப்பது வேறிடத்தில். மனுவில் மிருதங்கத்துக்கு ஒருவர் பெயர் போகும். ஆறு மாதம் கழித்து அவருக்கு வேறு பயணம் வந்துவிடும், "வேறு பையனை அழைத்துக்கொள்ளுங்கள்" என்பார். சென்னையில் அது ஒரு தொலைபேசி அழைப்போடு முடிகிற காரியம். இங்கே புதியவருக்கு ஆவணம் வேண்டும், சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி வேண்டும். கடைசி ஆறு வாரத்தில் அந்தத் தேதி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆகவே பக்கவாத்தியத்தை மனு போடும் நாளிலேயே உறுதி செய்துவிட வேண்டும். கடைசியாக ஆடிய, பாடிய நாளுக்குப் பிறகு இன்னொரு ஊர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து, மனுவில் கேட்கும் காலத்தைக் கொஞ்சம் தள்ளியே போடுவது நல்லது.

வரியைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பல்கலைக்கழகம் காசோலை தரும். 2000 டாலர் பேசியிருந்தால் கைக்கு வருவது 1400. செலவுகளைக் கழித்து நிகர வருமானத்துக்கு மட்டும் பிடிக்கும்படி வருவாய்த் துறையோடு முன்கூட்டி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்; அதற்கு முதல் நிகழ்ச்சிக்கு 45 நாள் முன்பாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் அங்குள்ள வரி எண் பெற்று, அடுத்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டும். பாடகர் பார்த்துக்கொள்வார், அடிபடுவது கடம், கஞ்சிரா வாசிப்பவர்கள்தான். இதை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் அவர்களிடம் சொல்லிவிடுவது நியாயம்.

இப்போது மேடைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் கச்சேரி கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அமெரிக்க அரங்குகளில் கிடைக்கும் தளப்பலகை பொதுவாக 4 அடிக்கு 8 அடி. இரண்டைச் சேர்த்தால் 8-க்கு 8: பாட்டு, வயலின், மிருதங்கம், பின்னால் தம்பூரா, சரியாக இருக்கும். கடமோ கஞ்சிராவோ சேர்ந்தால் மூன்று பலகை. உயரம் ஓர் அடி முதல் ஒன்றரை அடி. உட்கார்ந்து வாசிப்பவரை முன்வரிசையில் இருப்பவர் பார்க்க இது இல்லாமல் முடியாது; அதற்கு மேல் போனால் கலைஞர் ஏறி இறங்கச் சிரமப்படுவார். பலகைக்கு அடியில் வெற்றிடம் இருப்பதால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் விழும் ஒவ்வொரு அடியும் கீழே போய்க் குமுறும். மேலே ஒரு கனமான கம்பளம், முடிந்தால் அதற்குக் கீழே இன்னொன்று. மெல்லிய ஜமக்காளம் அழகுக்குத்தான் ஆகும். இரண்டு பலகையையும் கால்களோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறார்களா என்று ஒரு முறை குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் பாதிக் கச்சேரியில் வயலின்காரர் கீழ் பலகை மெல்ல விலகும்.

அறைஇசைக்காகக் கட்டிய அரங்குகளில் ஒலி எதிரொலித்துத் தங்கும். நாற்கருவிக் குழுவுக்கு அது அழகு. நமக்கு, மூன்றாம் காலக் கோர்வையில் தகதிமியும் தகஜணுவும் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிடும். சுவரில் இழுத்துவிடும் திரைகள் இருந்தால் முழுவதும் இழுக்கச் சொல்லுங்கள். அடுத்து ஒலிபெருக்கியின் அளவைக் குறையுங்கள். நானூறு பேர் உட்காரும் அரங்கில் குரலுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு வலப்பக்கமான வலந்தலைக்கும் தொப்பிக்குமாக இரண்டு போதும். அவையும் துணையாக இருந்தால் போதும், தலைமை தாங்க வேண்டாம்.

சிக்கலின் சங்கிலி எப்போதும் இப்படித்தான்: பாடகர் "மானிட்டரில் (கலைஞருக்கே கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கி) இன்னும் கொஞ்சம்" என்பார். ஏற்றுவார்கள். மானிட்டர் ஒலி அவருடைய மைக்குக்குள்ளேயே திரும்பப் போகும். அடுத்து வயலின் தனக்குக் கேட்கவில்லை என்று ஏற்றச் சொல்வார், பிறகு மிருதங்கம். ராகம் முடிவதற்குள் கூச்சல் கிளம்பும். ஒலிப்பொறியாளர் பெரும்பாலும் ராக் கச்சேரி செய்து பழகியவர்; தொப்பியைக் கேட்டதும் டிரம் என்று நினைத்து அடி ஓசையைத் தூக்கிவிடுவார். ஒலிச் சோதனையில் ஒரு கிருதியின் அனுபல்லவிவரை எல்லோரும் சேர்ந்து வாசித்து, அதன்பின் மானிட்டரை எவ்வளவு இறக்க முடியும் என்று பாருங்கள். ஏற்றுவது பிறகு. மின்தம்பூராவை மைக்கில் வைக்காமல் கம்பி வழியே இணைக்கச் சொன்னால் ஒரு மைக் மிச்சம்.

நடனத்துக்கு வேறு கவலை. மேலை நடனத்துக்காக மேடையில் விரிக்கும் வினைல் விரிப்பில் வெறுங்கால் ஒட்டும். சுற்றும்போது பாதத்தோல் உரியும். மரத்தளம் என்றால் விரிப்பை எடுக்கச் சொல்லலாம். மரத்துக்குக் கீழே நேராகச் சிமென்ட் இருந்தால் தட்டடவில் முழங்காலுக்குக் கீழ் எலும்பில் வலி வரும்; தளம் உள்ளே கொடுத்து வாங்குகிறதா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டிய கேள்வி இது. நட்டுவாங்கக் குழு பார்வையாளரின் இடப்பக்கம். விளக்கில் ஒன்றே ஒன்று: அங்கே பக்கவாட்டு ஒளியில்தான் நடனத்தைக் காட்டுவார்கள், உடல் வடிவம் எடுப்பாகத் தெரியும், முகம் இருண்டுவிடும். முகபாவமே உயிரான பதம் என்ற உருப்படியில் முகம் தெரியாவிட்டால் பிறகு எதைப் பார்ப்பது? முன்பக்க ஒளி வேண்டும் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

வரும் பருவத்தில் தட்பவெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. 2025-இல் சரஸ்வதி பூஜை அக்டோபர் 1. 2026-இல் அக்டோபர் 19, விஜயதசமி 20. வெஸ்லியன் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதியில் அந்தப் பதினெட்டு நாள் வித்தியாசம் பெரியது: கட்டடங்களில் வெப்பமூட்டியைப் போட்டிருப்பார்கள், உள்காற்று வறண்டுவிடும். வறண்ட காற்றில் தோல் இறுகும், மிருதங்கத்தின் சுருதி ஏறும். வலந்தலை நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சான சாதத்தில் விரிசல் வரலாம். தொப்பியில் ஒட்டும் ரவை கச்சேரி பாதியிலேயே காய்ந்து உதிரும். தண்ணீர்க் கிண்ணமும் கூடுதல் ரவையும் கையெட்டும் தூரத்தில் வேண்டும். ரவையை விட்டுச் சிலிக்கானுக்கு மாறியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாதம் அதே நாதமா என்பது அவரவர் காதைப் பொறுத்தது. வீணைக்கு இன்னும் கவனம் தேவை. மெட்டுகளைத் தாங்கும் மெழுகு விமானத்தின் சரக்கறைக் குளிரில் நொறுங்கும் தன்மைக்கு வரும்; பெட்டியை அறைக்குக் கொண்டுவந்ததும் திறக்காமல் சில மணி நேரம் அப்படியே விடுங்கள். கருவியில் தந்தம் பதித்திருந்தால் அதற்கு வனவிலங்கு வர்த்தகச் சான்றிதழ் இல்லாமல் எல்லையில் நிறுத்துவார்கள். பழைய வீணை வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்க்க வேண்டும்.

நிகழ்ச்சிநிரல் ஒரு சின்னப் போராட்டம். அச்சுக்கு நாலைந்து வாரம் முன்பே பாடல் பட்டியல் கேட்பார்கள். நம்மவர்கள் மேடை ஏறி, கூட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நடுவழி ஒன்று உண்டு: பிரதான உருப்படியின் ராகம், தாளம், பொருள் மட்டும் அச்சில் கொடுத்து, மற்றவை மேடையிலிருந்து அறிவிக்கப்படும் என்று போடுவது. நேரத்தைக் கறாராக எழுத வேண்டும். இரண்டு மணி நேரம் என்று பேசிவிட்டு இரண்டரைக்கு நீட்டினால் பணியாளருக்குக் கூடுதல் ஊதியம். அந்தக் கணக்கு அடுத்த ஆண்டு அழைப்பில் தெரியும். தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது மாணவர்கள் எழுந்து போவதில்லை, இதையும் சொல்ல வேண்டும். தாளத்தைக் கையால் எண்ணக் காலையில் வகுப்பில் கற்றிருப்பார்கள், மாலையில் எண்ணிப் பார்ப்பார்கள். நம் சபா கேன்டீன்கள் அந்த நேரத்தில் நிரம்புவதை இதோடு ஒப்பிட வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

கேட்கப் போகிறவர்களுக்கு: பல்கலைக்கழக விழா திதிப்படி ஒன்பது நாள் நடக்காது, ஒரு வாரக் கடைசியில் சுருக்கி நடத்துவார்கள். ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்து விமானச்சீட்டு எடுக்காமல் கலை மையத்தின் அறிவிப்பைப் பார்த்து எடுங்கள். வெஸ்லியனில் சரஸ்வதி பூஜைக்கு வருபவர்கள் தங்கள் வாத்தியங்களையும் புத்தகங்களையும் கொண்டுவந்து வைப்பது வழக்கம்.

2027 அக்டோபருக்கு இடம் தேடும் கலைஞர்கள் 2026 வசந்தத்துக்குள் அனுப்பியிருக்க வேண்டியது இவ்வளவே: அரங்கில் வெட்டாமல் எடுத்த பத்து நிமிடக் காணொளி, மேடை வரைபடம் ஒன்று, உறுதியான பக்கவாத்தியப் பெயர்கள், ஒரு காலை வகுப்புக்கான தலைப்பு, காலியாக இருக்கும் இரண்டு வாரங்கள். தவறவிட்டவர்கள் 2028-ஐக் கேட்கலாம்.

வணக்கம்.