காது நுனி வெட்டப்பட்ட நாய்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் தெரு நாயின் காதைக் கவனித்திருக்கிறீர்களா? சில நாய்களுக்கு ஒரு காதின் நுனி மட்டும் கத்தரித்தாற்போல் இருக்கும். எந்தப் பாவி வெட்டினானோ என்று என்னிடம் கொதித்தவர்கள் உண்டு. பாவி யாருமில்லை. கருத்தடை ஆயிற்று, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டாயிற்று, மறுபடி பிடிக்காதீர்கள் என்பதற்கான அடையாளம் அது. அறுவை சிகிச்சையின் மயக்கத்திலேயே வெட்டிவிடுவதால் நாய்க்குத் தெரியாது.

இந்தக் காதுக்கும் சென்னைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. விமானி கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959இல் தொடங்கிய விலங்கு நல அமைப்புதான் புளூ கிராஸ். அன்றைய மாநகராட்சிக்கு நாய்த்தொல்லை என்றால் ஒரே மருந்து: பிடி, கொல். நாய் வண்டியைப் பார்த்துப் பயந்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். இத்தனை கொன்றும் நாய்கள் குறைந்தனவா? இல்லை. குப்பைத் தொட்டி அங்கேயே இருந்தது. காலியான தெருவுக்கு அடுத்த தெரு நாய் வந்துவிட்டது. கருத்தடை செய்து, பிடித்த தெருவிலேயே விடுங்கள் என்று 1964 முதல் புளூ கிராஸ் சொல்லிவந்தது. மாநகராட்சி கேட்டது 1996இல். நாடு முழுவதற்கும் விதிகள் வந்தது 2001இல். பிடித்த தெருவிலேயே விட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, மீட்புக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் ஒரு நாய் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டது. ஊறுகாய் டப்பா என்று நினைக்கிறேன். மூச்சுக்காற்றில் உள்ளே பனி படிந்து, கண் தெரியாமல் சுவரில் முட்டியது. உதவ வந்த கூட்டம் என்ன செய்தது? துரத்தியது. நாய் ஓடியது, கூட்டமும் ஓடியது. கடைசியில் டீக்கடைக்காரர்தான் எல்லாரையும் அதட்டி நிறுத்தினார். நாய் ஒரு லாரிக்கு அடியில் ஒதுங்கியது. லாரி டிரைவரிடம், "அண்ணே, வண்டியை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, மீட்பு வண்டி வரும்வரை அவர் அங்கேயே நின்றார். கடையில் பால் பொங்கி வழிந்தது. வந்த தொண்டர்கள் சத்தமில்லாமல் வலையைப் போட்டு, சாக்கால் உடம்பைப் பொத்தி, கழுத்தைச் சுற்றி எண்ணெய் தடவி, தகரம் வெட்டும் கத்தரியால் டப்பாவை ஓரத்திலிருந்து வெட்டினார்கள். தலை வெளியே வந்ததும் அந்த நாய் முதலில் செய்தது, ஒரு நீளமான தும்மல்!

தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோமே, அதனால்தான் பல வண்டிகள் வெறுமனே திரும்புகின்றன. அடிபட்ட விலங்கு இடம் மாறிவிடும். யாராவது ஒருவர் அங்கே நிற்க வேண்டும். துரத்தாமல் நிற்க வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் போராடியதன் பலனாக வந்தது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆவது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆம், ஐம்பது ரூபாய்தான்; அன்றைக்கு அது பெரிய தொகை. அதற்காகப் புகார் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். மாடுகளை நெருக்கி அடைத்துச் செல்லும் லாரியைக் கண்டால் வண்டி எண்ணையாவது குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பட்டக் கயிற்றில் சிக்கும் பறவைகளுக்கு இன்று நேரமில்லை. வணக்கம்.