விடியற்காலையில் தோட்டத்தில் சும்மா உட்காருங்கள்

[காட்சி: இருள் முழுதாக விலகாத தோட்டம். ஒரு நாற்காலி. பறவைக் குரல் ஒன்று மட்டும்.]

வசந்த காலத்தில் ஒரு நாள், சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போதே எழுந்து தோட்டத்துக்கு வாருங்கள். பூவாளி வேண்டாம், கத்தரிக்கோலும் வேண்டாம். கைபேசி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்காருங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் உங்களைச் சுற்றி என்னென்ன நடக்கிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் வேலை காதுக்குத்தான். ஒரு பறவை குரல் கொடுக்கும், இன்னொன்று பதில் சொல்லும், கொஞ்ச நேரத்தில் தோட்டமே நிறைந்துவிடும். பகல் நீள நீள, பறவைகளின் உடலில் இனப்பெருக்க ஹார்மோன்கள் கூடுகின்றன. பல இனங்களில் ஆண் பறவை பாடித்தான் தன் எல்லையைக் காக்கிறது, துணையையும் அழைக்கிறது. சரி, அதற்கு ஏன் இந்த நேரம்? இரை தேட வெளிச்சம் போதாத நேரம் பாட்டுக்கு மிச்சமாகிறது என்பது ஒரு விளக்கம். காற்று அடங்கியிருப்பதால் குரல் கலையாமல் போய்ச் சேர்கிறது என்பது இன்னொன்று.

நமக்குக் குரல் பிறப்பது தொண்டையில். பறவைக்கு அதற்கும் கீழே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில். பாடும் பறவைகள் பலவற்றால் அந்த இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக இயக்க முடியும். ஒரே பறவை, ஒரே நேரத்தில் இரண்டு சுரம்! கண்ணை மூடி ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு, அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

[காட்சி: புல் நுனியில் ஒரு துளி. மிக நெருக்கத்தில்.]

வெளிச்சம் வந்ததும் கீழே குனியுங்கள். மேகமில்லாத இரவில் இலைகள் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. காற்றிலுள்ள நீராவி அவற்றின் மேல் படிந்து பனித்துளியாகிறது. மேகம் மூடிய இரவில் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும், அதனால் பனி குறைவு.

ஆனால் நீங்கள் பார்க்கும் எல்லாத் துளியும் பனித்துளி அல்ல. எனக்கு இந்தக் காலையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். புல்லின் நுனியில் மட்டும் ஒரே ஒரு முத்து, தக்காளி இலையின் பற்களில் வரிசையாகச் சிறு துளிகள் என்று இருந்தால், அது செடியே வெளியே விட்ட நீர். இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மண்ணில் ஈரம் இருந்தால் வேர் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் நீரை மேலே தள்ள, அது இலை விளிம்பிலுள்ள வேறு நுண்துளைகள் வழியாகச் சொட்டாக வெளிவருகிறது. இதில் மண்ணின் உப்புகளும் கலந்திருப்பதால், காய்ந்த இடத்தில் சில சமயம் வெள்ளைத் தடம் தெரியும். இலை முழுவதும் பொடிப்பொடியாகப் படர்ந்திருந்தால் அது பனி. இரண்டையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால், அப்புறம் புல்தரையைச் சாதாரணமாகக் கடக்கவே முடியாது.

செடிகளுக்கு இடையே பனி காட்டிக்கொடுக்கும் சிலந்தி வலையையும் தேடுங்கள். வட்ட வலை பின்னும் சிலந்திகளில் பல, பழைய வலையைத் தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னுகின்றன. நடுவிலிருந்து கதிர்போல் போகும் இழைகள் ஒட்டாது. சுற்றிச் சுற்றி வரும் இழையில்தான் பசை இருக்கிறது.

[காட்சி: பூவுக்குள் அசையாமல் ஒரு பம்பிள் தேனீ.]

பூக்களைத் தொடாமல் உள்ளே எட்டிப் பாருங்கள். குளிரில் ஒரு பம்பிள் தேனீ, அதாவது உடலெல்லாம் ரோமம் அடர்ந்த குண்டுத் தேனீ, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இறந்துவிட்டதோ என்று நினைத்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பறக்க வேண்டுமென்றால் அதன் மார்புத் தசைகள் சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமாவது அடைய வேண்டும். அதற்காக அது சிறகை அடிக்காமலேயே அந்தத் தசைகளை மட்டும் நடுக்கிச் சூடேற்றுகிறது. உற்றுப் பார்த்தால் வயிறு விட்டுவிட்டு அசைவது தெரியும்.

பசித்தாலும் இப்போது எழுந்திருக்காதீர்கள். வெயில் அந்தப் பூவைத் தொட இன்னும் சில நிமிடங்கள்தான். முதலில் ஒரு கால் அசையும், பிறகு தலை திரும்பும்.

[காட்சி: தேனீ கிளம்பிய பூ, லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது.]