மில் நின்ற நாளும் மூடிய நாளும்

(கோவையில் மில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

சிங்காநல்லூர், பீளமேடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு மில் சங்கு தெரியும். எங்கள் வீட்டில் அதுதான் கடிகாரம். என் பெரியப்பா ஸ்பின்னிங்கில் சைடர், அதாவது நூற்பு மெஷினைப் பார்த்துக்கொள்கிற தொழிலாளி. ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர் உடனே திரும்பி வந்தார். "கரன்ட் கட் பண்ணிட்டாங்களாம். கேட்டும் பூட்டியாச்சு" என்றார். அது மில் நின்ற நாள். சட்டப்படி மில் மூடிய நாள், அதற்கு ஏழு வருஷம் கழித்துத்தான் வந்தது. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஏழு வருஷத்தைப் பற்றி.

1986-ல் மத்திய அரசு ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நிரந்தரமாக மூடப்பட்ட தனியார் மில்லின் தொழிலாளிக்கு முதல் வருஷம் சம்பளத்தில் 75 சதவீதம், இரண்டாம் வருஷம் 50, மூன்றாம் வருஷம் 25. இது நல்ல யோசனை என்று மனதாரச் சொல்வேன். மூன்று வருஷம் மூச்சுவிட இடம் கொடுப்போம், அதற்குள் வேறு தொழில் பிடித்துக்கொள்ளட்டும் என்று யாரோ அக்கறையாக யோசித்திருக்கிறார்கள்.

சிக்கல் 'நிரந்தரமாக மூடப்பட்ட' என்ற இரண்டு சொல்லில் இருந்தது. அதற்கு மாநில அரசின் மூடல் அனுமதி வேண்டும், இல்லையென்றால் கம்பெனியைக் கலைத்துக் கணக்கு முடிக்க நீதிமன்றம் கலைப்பு அதிகாரியை நியமித்திருக்க வேண்டும். எத்தனையோ முதலாளிகள் அனுமதி கேட்கவே இல்லை. தற்காலிகமாக வேலை இல்லை என்று லே-ஆஃப் என்றார்கள், கேட்டைப் பூட்டி லாக்-அவுட் என்றார்கள், கரன்ட் பில் கட்டாமல் விட்டார்கள். கேஸ் நலிவுற்ற ஆலைகளுக்கான வாரியத்தில் வருஷக்கணக்காகக் கிடந்தது. காகிதத்தில் மில் உயிரோடு இருந்ததால் தொழிலாளிக்கு உதவி இல்லை.

பெரியம்மா முதலில் அண்டாவை விற்றார், அப்புறம் தோட்டை. அண்ணன் பத்தாவதோடு நின்று லேத் பட்டறைக்குப் போனான். பணம் கைக்கு வந்தபோது பெரியப்பாவுக்கு 58 வயது. அதிலும், மில் பதிவேட்டில் ஒரு இனிஷியல், பி.எஃப். சீட்டில் வேறு இனிஷியல் என்று எட்டு மாதம் அலைந்தார். மூன்று வருஷத்துக்கான உதவி, அந்த மூன்று வருஷமும் போன பிறகு வந்தால் அதை வைத்து என்ன தொழில் கற்பது?

1992-ல் பொருளாதாரச் சீர்திருத்தத்தோடு தேசியப் புதுப்பிப்பு நிதி வந்தது. மறுபயிற்சி, மாற்று வேலை என்றெல்லாம் அறிவித்தார்கள். செலவில் பெரும்பகுதி பொதுத்துறையின் விருப்ப ஓய்வுக்கே போனது. 2000-ல் அதையும் மூடிவிட்டார்கள். ஜெர்மனியில் போஹும் (Bochum) என்ற ஊரில் நோக்கியா செல்போன் ஆலை 2008-ல் மூடியபோது, வேலை இழந்தவர்களின் பயிற்சிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நிதி வந்தது. அதே நோக்கியா 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே வேலை இழந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பொது நிதி இல்லை. கம்பெனி கொடுத்த விருப்ப ஓய்வுத் தொகைதான்.

இப்போது 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு முதலாளி 15 நாள் சம்பளத்தைச் செலுத்த வேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். தேதி குறித்திருப்பதை வரவேற்கிறேன். ஆனால் 1986-ல் மூன்று வருஷம் தேவை என்று ஒப்புக்கொண்ட நாடு, இன்று 15 நாள் போதும் என்கிறதே! அதுவும் ஆட்குறைப்பு ஆணை கையில் இருப்பவருக்கு. "நாளையிலிருந்து வராதே" என்று வாய்வார்த்தையில் நிறுத்தப்படுகிறவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

நான் கேட்பது இதுதான். எந்த மாதம் சம்பளம் நின்றது என்று தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் சந்தாக் கணக்கிலேயே தெரிந்துவிடும். அரசு நிதி அந்த மாதமே தொடங்கட்டும். மூடலா, லாக்-அவுட்டா என்ற வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். முதலாளி தர வேண்டியதை அரசு பிறகு வசூலித்துக்கொள்ளட்டும்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது, வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை உதவித்தொகை தரும் இ.எஸ்.ஐ.யின் அடல் திட்டம். விருப்ப ஓய்வு என்று கையெழுத்துப் போட்டவருக்கு அது கிடைக்காது. அதனால் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளச் சீட்டும் இ.எஸ்.ஐ. அட்டையும் கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்த மேஜைப் பக்கம் வாருங்கள். எல்லாவற்றிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம்.